எம்.ஐ.சி. இல்லை, ஆனால் மேக்ரோபேஜுக்குள் ஸ்டாஃப் குறைகிறது: வெள்ளணுவுக்குத் துணையா, ஒளிந்திருக்கும் ஆன்டிபயாடிக்கா?

அகார்தட்டு:
அனைவருக்கும் வணக்கம். பாக்டீரியாவைத் தானே கொல்லாமல், கொல்லும் வேலையில் இருக்கும் வெள்ளணுக்களுக்குக் கைகொடுக்கும் சேர்மங்கள் பற்றி இங்கே ஒரு முழு இழை வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு முடிவை எடுத்துக்கொள்வோம். மியூலர்-ஹின்டன் குழம்பில் ஒரு சேர்மத்தின் எம்.ஐ.சி. (பாக்டீரியா வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த அடர்வு) மில்லிலிட்டருக்கு 64 மைக்ரோகிராமுக்கும் மேல். அதாவது கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. அதே சேர்மத்தை ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (சுருக்கமாக ஸ்டாஃப்) தொற்றிய டி.எச்.பி-1 என்ற மனிதச் செல்வழியின் மேக்ரோபேஜ்களுக்கு மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் கொடுத்தால், 24 மணி நேரத்தில் உள்ளிருக்கும் காலனி எண்ணிக்கை ஒன்றரை லாக், அதாவது சுமார் 30 மடங்கு, குறைகிறது.

இதை "நோயெதிர்ப்புச் செல்லுக்கு உதவுகிறது" என்று எழுதலாமா? எழுதுவதற்கு முன் எந்தெந்தக் கண்ட்ரோல் கட்டாயம்? சோதனையை அடியிலிருந்து அளவுகளோடு சொன்னால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் பயன்படும்.

விழுங்கணு:
நல்ல கேள்வி தம்பி. அந்த ஒன்றரை லாக்கை வைத்து இப்போதைக்கு ஒன்றும் எழுத முடியாது. காலனி குறைவதற்கு ஏழெட்டுக் காரணங்கள் இருக்கின்றன, அதில் பாதிக்கு நோயெதிர்ப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதலில் "உதவி" என்றால் எந்தப் படியில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளணு தொற்று நடக்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டும். பாக்டீரியாவை அடையாளம் கண்டு விழுங்க வேண்டும். விழுங்கியதை ஆக்சிஜன் வினைப்பொருள்கள், அமிலம், புரதம் உடைக்கும் நொதிகள் கொண்டு கொல்ல வேண்டும். இவ்வளவும் முடியும்வரை தான் சாகாமல் இருக்க வேண்டும். இந்த நாலில் எதைச் சேர்மம் தூக்கிவிடுகிறது என்று சொல்ல முடியாவிட்டால் அந்தக் கட்டுரை பாதியில் நிற்கிறது. காப்புச் சோதனை எனப்படும் ஜென்டமைசின் முறையில் (செல்லுக்கு வெளியே உள்ள பாக்டீரியாவை அந்த ஆன்டிபயாடிக்கால் கொன்று, உள்ளே தப்பியதை மட்டும் எண்ணுவது) முதல் படி தெரியவே தெரியாது. இரண்டாவதும் மூன்றாவதும் கலந்து தெரியும். நாலாவது படி உங்களை ஏமாற்றும்.

எப்படி ஏமாற்றும் என்றால், கிணற்றில் ஜென்டமைசின் வெளியே நிற்கிறது. சேர்மம் மேக்ரோபேஜையே கொன்றுவிட்டால் அது வெடித்து, உள்ளே இருந்த பாக்டீரியா வெளியே கொட்டி, ஜென்டமைசினில் செத்துப்போகும். பிளேட்டில் காலனி குறையும். செல்லை அழித்த நச்சுப்பொருள் இந்தச் சோதனையில் முதல் பரிசு வாங்கிவிடும்! ஆகவே காலனி எண்ணும் ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் மேல்நீரை எடுத்து, உடைந்த செல்லிலிருந்து கசியும் எல்.டி.எச். நொதியைப் பார்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் செல்களையும் எண்ண வேண்டும். கட்டுப்பாட்டுக் கிணற்றோடு ஒப்பிட்டால் செல் எண்ணிக்கை 15, 20 சதவீதத்துக்கு மேல் குறைந்த எந்த அடர்விலும் காலனி முடிவை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஸ்டாஃப் தானே ஆல்ஃபா நச்சு, லூகேபி, பி.எஸ்.எம். பெப்டைடுகள் கொண்டு செல்லை உடைக்கும். அந்த நச்சை மட்டும் தடுக்கும் சேர்மம் கொடுத்தால் மேக்ரோபேஜ் நீண்ட நேரம் பிழைக்கும், உள்ளே பாக்டீரியாவும் பாதுகாப்பாக இருக்கும், காலனி எண்ணிக்கை அதிகமாகத் தெரியும். நல்ல சேர்மம் ஒன்றை அப்படித் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

பெட்ரிக்கிண்ணம்:
விழுங்கணு சார் சொன்னதோடு, அடிப்படை முறையை அளவுகளோடு எழுதுகிறேன்.

24 கிணற்று பிளேட்டில் கிணறுக்கு 2 லட்சம் டி.எச்.பி-1 செல்கள், ஆர்.பி.எம்.ஐ. 1640 மீடியா, 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய கன்றுச் சீரம் 10 சதவீதம். இந்தச் செல்களை மேக்ரோபேஜாக மாற்றும் பி.எம்.ஏ. மில்லிலிட்டருக்கு 25 முதல் 50 நானோகிராம், 48 மணி நேரம். அதன்பின் பி.எம்.ஏ.யைக் கழுவி எடுத்துவிட்டு 24 மணி நேரம் ஓய்வு. இந்த ஓய்வை விட்டுவிடக் கூடாது. பி.எம்.ஏ. தானே ஆக்சிஜன் வெடிப்பைத் தூண்டும், ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் செல்லை உங்கள் சேர்மம் இன்னும் தூண்டுகிறதா என்று பார்ப்பதில் அர்த்தம் இல்லை. ஓய்வு மீடியாவில் பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் ஒரு துளிகூட இருக்கக் கூடாது.

பாக்டீரியா: இரவுக் கல்ச்சரை 100 மடங்கு புது மீடியாவில் கலந்து, ஓ.டி.600 (கலங்கலின் அளவு) சுமார் 0.5 வரும்வரை குலுக்கி வளர்த்து, பி.பி.எஸ்.ஸில் இரண்டு முறை கழுவுங்கள். ஸ்டாஃப் திராட்சைக்கொத்து மாதிரி சேர்ந்திருக்கும். சில விநாடி மெல்ல ஒலியலையில் வைத்தோ, மெல்லிய ஊசி வழியே நாலைந்து முறை இழுத்துவிட்டோ கொத்தைப் பிரிக்காவிட்டால் ஒரு கொத்து ஒரு காலனியாக எண்ணப்படும். ஓ.டி.க்கும் எண்ணிக்கைக்கும் உள்ள உறவை ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும், உங்கள் கருவியிலேயே, பிளேட் போட்டு வரைந்துகொள்ளுங்கள். பிறர் கட்டுரையின் எண்ணைக் கடன் வாங்க வேண்டாம்.

10 சதவீத மனிதச் சீரத்தில் 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து நிரப்பிப் புரதங்களை (வெள்ளணு பிடிப்பதற்கு ஏதுவாகக் கிருமி மேல் ஒட்டும் ரத்தப் புரதங்கள்) படிய விடுங்கள். ஒரு செல்லுக்கு 10 பாக்டீரியா என்றால் கிணறுக்கு 20 லட்சம். 500 மைக்ரோலிட்டரில் கொடுக்க வேண்டுமானால் மில்லிலிட்டருக்கு 40 லட்சம். ஊற்றியதும் 300 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றுங்கள், எல்லாக் கிணறும் ஒரே நேரத்தில் தொடங்கும். 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு, 45 நிமிடம். பிறகு இரண்டு முறை கழுவி, ஜென்டமைசின் 100 மைக்ரோகிராம், 1 மணி நேரம். இது முடியும் நேரம்தான் உங்கள் பூஜ்ய நேரம். அங்கே ஒரு பிளேட்டை உடைத்து எண்ணியே ஆக வேண்டும். பூஜ்ய நேர எண்ணிக்கை இல்லாத சோதனையில், குறைவாக விழுங்கியதா, அதிகமாகக் கொன்றதா என்று யாராலும் சொல்ல முடியாது.

உடைப்பதற்கு 0.1 சதவீத டிரைட்டன் என்ற சோப்புப் பொருள் கலந்த தூய நீர், 500 மைக்ரோலிட்டர், 5 முதல் 10 நிமிடம், பைப்பெட்டால் நன்றாக அடித்துக் கலக்கி, 10 மடங்கு நீர்த்தல்கள். இந்த டிரைட்டன் உங்கள் ஸ்ட்ரெயினைப் பாதிக்கிறதா என்று செல் இல்லாத பாக்டீரியாவில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்மம் செல்சுவரைப் பலவீனப்படுத்தியிருந்தால் டிரைட்டனே மீதியைக் கொன்றுவிடும்.

அகார்தட்டு:
மிக்க நன்றி. ஜென்டமைசின் 24 மணி நேரமும் கிணற்றில் இருப்பது சரியா? செல்லுக்குள் போகாது என்றுதான் பாடத்தில் இருக்கிறது.

பெட்ரிக்கிண்ணம்:
ஒரு மணி நேரத்துக்கு அது ஏறத்தாழ உண்மை. மணிக்கணக்கில் வைத்தால் செல் தன்னைச் சுற்றியுள்ள நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதோடு ஜென்டமைசினும் உள்ளே போய் லைசோசோமில் சேரும். முதல் மணி நேரம் 100, பிறகு 10 மைக்ரோகிராமாகக் குறைப்பதுதான் வழக்கம். ஆனால் இங்கே உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஆபத்து ஒன்று உண்டு. உங்கள் சேர்மம் செல்லின் குடிக்கும் வேகத்தைக் கூட்டினால் ஜென்டமைசின் அதிகமாக உள்ளே போகும். கொன்றது ஜென்டமைசின், பெயர் சேர்மத்துக்கு.

மாற்று: லைசோஸ்டாஃபின், 10 முதல் 20 மைக்ரோகிராம், 10 முதல் 15 நிமிடம். ஸ்டாஃபின் செல்சுவரில் உள்ள ஐந்து கிளைசின் பாலத்தை வெட்டும், நிமிடங்களில் வேலை முடியும். உடைப்பதற்குச் சற்று முன் மட்டும் கொடுத்துக் கழுவலாம். கழுவல் சரியாக இல்லாவிட்டால், செல்லை உடைத்ததும் வெளியே வரும் பாக்டீரியாவையும் அது வெட்டிவிடும். கடைசிக் கழுவல் நீரில் எண்ணிக்கை தெரிந்த புது பாக்டீரியாவைக் கலந்து 10 நிமிடம் விட்டுப் பிளேட் போடுங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால் கழுவல் போதும்.

ஒரே சேர்மத்தை இரண்டு முறையிலும் செய்து முடிவு ஒத்துப்போனால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்கு எதிர்ப்புள்ள ஸ்டாஃப்) ஸ்ட்ரெயின்களில் ஜென்டமைசினுக்கு எதிர்ப்பு உள்ளவையும் இருக்கின்றன, தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

மருந்துவேதி:
நான் எம்.ஐ.சி. பக்கத்திலிருந்து வருகிறேன். "எம்.ஐ.சி. இல்லை" என்ற வாக்கியமே பெரும்பாலும் அவசரமானது. அந்த எண் 35 டிகிரியில், நடுநிலை பி.எச்.சில், புரதச்சத்து நிறைந்த குழம்பில், மில்லிலிட்டருக்கு 5 லட்சம் பாக்டீரியாவில் எடுத்தது. விழுங்கிய பாக்டீரியா அடைபடும் அறையான பேகோசோமுக்குள் பி.எச். 5 பக்கம், மக்னீசியமும் இரும்பும் பஞ்சம், பாக்டீரியாவும் வேறு நிலையில் இருக்கும். இரண்டும் ஒரே உலகம் இல்லை.

இதற்கு நல்ல சான்று அசித்ரோமைசின். பல மருந்துக்கு எதிர்ப்புள்ள கிராம்-எதிர் பாக்டீரியாவில் அதற்கு வேலை இல்லை என்று வழக்கமான குழம்பில் முடிவு வரும். 2015-இல் சான் டியாகோ குழு ஒன்று அதையே ஆர்.பி.எம்.ஐ. சார்ந்த மீடியாவில் சோதித்தபோது, மருந்து தெளிவாகக் கொன்றது, நம் உடலின் எல்.எல்-37 பெப்டைடோடு சேர்ந்தால் இன்னும் அதிகமாகக் கொன்றது. மருந்து ஒன்றுதான், மீடியாவை மாற்றியதும் எண் மாறிவிட்டது. பீட்டா-லாக்டம்களும் அப்படித்தான். அமில பி.எச்.சில் எம்.ஆர்.எஸ்.ஏ. அவற்றுக்கு மறுபடி பணியத் தொடங்கும். ஜென்டமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகளுக்கு நேர்மாறு, அமிலத்தில் வலு குறையும்.

எனவே உங்கள் சேர்மத்துக்கு எம்.ஐ.சி.யை மூன்று இடத்தில் எடுங்கள்: வழக்கமான குழம்பு, செல் வளர்க்கும் அதே ஆர்.பி.எம்.ஐ. சீரத்தோடு, பி.எச். 5.5-க்குக் கொண்டுவந்த குழம்பு. மூன்றாவதில் கொல்கிறது என்றால் உங்களிடம் இருப்பது அமிலத்தில் விழித்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக்.

அடுத்தது சேர்ந்துகொள்ளும் குணம். கொழுப்பில் கரையும் வலுக்குறைந்த காரங்கள் லைசோசோமில் சிக்கிக்கொள்ளும். வெளியே 8 மைக்ரோகிராம் என்றால் உள்ளே அதன் பல பத்து மடங்கு இருக்கலாம். 64-க்கு மேல் எம்.ஐ.சி. உள்ள சேர்மம் உள்ளே 400 என்ற அளவில் நின்றால் நேரடியாகவே கொல்லும். செல்லைக் கழுவி உடைத்து உள்ளிருக்கும் சேர்மத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்காமல் இதை விலக்க முடியாது.

மூன்றாவது, எண்டோடாக்சின். சேர்மத்தில் இந்த லிப்போபாலிசாக்கரைடு (கிராம்-எதிர் பாக்டீரியாவின் மேலுறைப் பொருள்) நானோகிராம் அளவில் கலந்திருந்தாலும் மேக்ரோபேஜ் விழித்துக்கொள்ளும், "தூண்டுகிறது" என்று முடிவு வரும். ஈ. கோலையில் தயாரித்த புரதம், பெப்டைடு என்றால் இது கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும் தலைவலி. எல்.ஏ.எல். சோதனை செய்யுங்கள். கூடவே, எண்டோடாக்சினைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும் பாலிமிக்சின் பி 10 மைக்ரோகிராம் சேர்த்த கிணறு ஒன்று. ஸ்டாஃப் சோதனையில் இது வசதி, ஸ்டாஃப் மீது அந்த அளவில் அதற்குப் பெரிய பிடி இல்லை. விளைவு அதோடு மறைந்தால் சேர்மத்தைக் கீழே வைத்துவிட்டு, சுத்திகரிப்பைப் பாருங்கள்.

விழுங்கணு:
மருந்துவேதி சொன்ன மூன்றையும் தாண்டிய பிறகு, நான் முக்கியமாகக் கருதும் பரிசோதனை ஒன்றுதான்: செல்லின் ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், உதவி மறைகிறதா?

வெள்ளணுவுக்கு உதவும் சேர்மம் என்றால், அந்த வெள்ளணுவால் கொல்ல முடியாத நிலையில் சேர்மமும் தோற்க வேண்டும். ஆக்சிஜன் வெடிப்பு வழியாக என்று சந்தேகித்தால் என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸை நிறுத்துங்கள். பலர் அதற்குத் தடுப்பானாக டி.பி.ஐ. 10 மைக்ரோமோலார் ஊற்றிவிடுகிறார்கள். அது தவறான பாதை, டி.பி.ஐ. பாக்டீரியாவையே தாக்கும், ஸ்டாஃபையும் சேர்த்து. அந்த ஆக்சிடேஸின் ஒரு பகுதியைத் தரும் சி.ஒய்.பி.பி. மரபணு நீக்கிய டி.எச்.பி-1 செல்வழியோ, அதே மரபணு இல்லாத எலியின் எலும்பு மஜ்ஜை மேக்ரோபேஜோதான் நேர்மையான கண்ட்ரோல். அமிலமாதல் வழியாக என்றால் பேஃபிலோமைசின் ஏ1, 100 நானோமோலார், ஆனால் சில மணி நேரத்துக்கு மேல் வைத்தால் செல் தளரும். விழுங்குவதையே நிறுத்த சைட்டோகலாசின் டி, தொற்றுக்கு 30 நிமிடம் முன்.

இந்தத் தர்க்கத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்டாஃபின் பொன்னிறம். ஆரியஸ் என்றாலே பொன். ஸ்டாஃபைலோசாந்தின் என்ற அந்த நிறமி வெள்ளணு வீசும் ஆக்சிஜன் வினைப்பொருள்களை உறிஞ்சிக்கொள்ளும் கேடயம். அதைச் செய்யும் சி.ஆர்.டி.எம். நொதி, நம் உடலில் கொலஸ்ட்ரால் செய்யும் ஸ்குவாலீன் சிந்தேஸின் சாயல் கொண்டது. 2008-இல், கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காக ஆராயப்பட்டிருந்த பி.பி.எச்-652 என்ற சேர்மம் அந்த நொதியையும் அடைக்கிறது என்று காட்டினார்கள். குழம்பில் பாக்டீரியா தாராளமாக வளர்ந்தது, காலனி மட்டும் வெளுத்துவிட்டது. வெளுத்த பாக்டீரியா மனித ரத்தத்திலும் எலியிலும் எளிதாகச் செத்தது. எம்.ஐ.சி. மட்டும் பார்க்கும் திரையிடலில் இந்தச் சேர்மம் முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும். அதே நேரத்தில் ஆக்சிடேஸ் இல்லாத செல்லில் இது பயன்படாது என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது, சோதிக்கவும் முடிகிறது. "உதவி" என்ற சொல்லை இப்படிப்பட்ட இடத்தில்தான் தயங்காமல் எழுதலாம்.

சேர்மக்காரன்:
ஒரு மறுப்பு. நேரடியாகக் கொன்றால் என்ன, செல் வழியாகக் கொன்றால் என்ன? நோயாளி பிழைத்தால் போதாதா? இவ்வளவு கண்ட்ரோலும் ஒரு சேர்மத்தைத் தாமதப்படுத்தத்தான் உதவும்.

விழுங்கணு:
யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு இதில்தான் இருக்கிறது. கீமோதெரபிக்குப் பிறகு நியூட்ரோபில் மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போனவர், அதிக அளவு ஸ்டீராய்டில் இருப்பவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், இவர்கள்தான் கடுமையான ஸ்டாஃப் தொற்றுக்கு ஆளாகிறவர்கள். நியூட்ரோபிலை நம்பி வேலை செய்யும் மருந்தை நியூட்ரோபில் இல்லாதவருக்குக் கொடுத்தால் மருந்தே கொடுக்காதது போலத்தான். நேரடியாகக் கொல்வது என்று தெரிந்தால் அவருக்கும் கொடுக்கலாம். செயல்வழி தெரியாமல் மருத்துவச் சோதனைக்குப் போனால், தவறான நோயாளிகளைச் சேர்த்து, நல்ல மருந்தையும் தோற்கடிப்போம்.

நோயெதிர்ப்பைக் கூட்டினால் எப்போதும் நல்லதுதான் என்ற எண்ணமும் ஆபத்து. ஐ.எஸ்.டி.பி. என்ற ஸ்டாஃப் புரதத்தை வைத்துச் செய்த வி710 தடுப்பூசியை இதய-மார்பு அறுவைக்கு முன் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2011-இல் நிறுத்தப்பட்டது. எதிர்ப்புரதம் நன்றாகவே உருவானது, தொற்று குறையவில்லை. தடுப்பூசி பெற்றுப் பின்னர் ஸ்டாஃப் தொற்றுக்கு ஆளானவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. இதை மறந்துவிட்டு இந்தத் துறையில் யாரும் பேசக் கூடாது.

நியூட்ரோபில்நேயர்:
எல்லோரும் மேக்ரோபேஜிலேயே நிற்கிறீர்கள். ஸ்டாஃபுக்கு எதிரான போரில் முன்வரிசை நியூட்ரோபில். இதற்குச் செல்வழி வைத்துக்கொண்டு ஏமாற்ற முடியாது, புது ரத்தம் வேண்டும், நெறிக்குழு அனுமதி வேண்டும், எடுத்த 3, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பிரிக்கும்போது கால்சியமும் மக்னீசியமும் இல்லாத கரைசல், குழாயைத் தட்டக் கூடாது, கண்ணாடியில் வைக்கக் கூடாது. தூண்டப்பட்டுவிட்ட நியூட்ரோபில் எதற்கும் உதவாது. சோதனை தொடங்கும்போதுதான் கால்சியம், மக்னீசியம் சேர்ப்பது. நிரப்பிப் புரதம் வேலை செய்ய அவை வேண்டும். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த பிளாஸ்மாவை நிரப்பிக்காகப் பயன்படுத்தினால் ஒன்றும் நடக்காது, காரணம் அதுதான். ரத்தத்தைக் கட்டியாக உறையவிட்டுப் பிரித்த சீரம் எடுங்கள். 56 டிகிரியில் சூடாக்கிய சீரம் எதிர்மறைக் கண்ட்ரோல்.

கணக்கு: 10 லட்சம் நியூட்ரோபிலுக்கு 10 லட்சம் பாக்டீரியா, 10 சதவீதச் சீரம், 37 டிகிரியில் மெல்ல உருட்டிக்கொண்டே 60 முதல் 90 நிமிடம். பாக்டீரியாவும் சீரமும் மட்டும் உள்ள குழாய், பாக்டீரியாவும் சேர்மமும் மட்டும் உள்ள குழாய் இரண்டும் கட்டாயம். உடைப்பதற்குப் பி.எச். 11-க்குக் கொண்டுவந்த நீர். சாதாரண நீரில் நியூட்ரோபிலின் உட்கூழும் டி.என்.ஏ.வும் பாக்டீரியாவைச் சேர்த்துப் பிசைந்து கொத்தாக்கிவிடும், காலனி குறைந்து "கொன்றது" என்று தெரியும். கார நீர் அந்தக் கொத்தைப் பிரித்துவிடும். இந்த ஒரு மாற்றத்தால் கொல்லும் சதவீதம் சடாரென்று இறங்கிய சோதனைகள் உண்டு. இறங்கிய எண்தான் உண்மையான எண்.

எதிர்ப்புரதம் சார்ந்த சேர்மம் என்றால் புரோட்டீன் ஏ-யைக் கவனியுங்கள். ஸ்டாஃப் இதைக் கொண்டு எந்த ஐ.ஜி.ஜி. எதிர்ப்புரதத்தையும் வால் பக்கம் பிடித்துத் தலைகீழாக வைத்துக்கொள்ளும். புரோட்டீன் ஏ-யைத் தரும் எஸ்.பி.ஏ. மரபணு நீக்கிய ஸ்ட்ரெயினும், இலக்கே இல்லாத ஐ.ஜி.ஜி.யும் பக்கத்தில் ஓட வேண்டும்.

முதல் படியான "வந்து சேர்வது" பற்றிக் கேள்வியில் இல்லை, ஆனால் சமீபத்தில் வந்ததில் என்னை மிகவும் கவர்ந்தது அங்கேதான் இருக்கிறது. 2021-இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு வான்கோமைசினோடு ஃபார்மைல் பெப்டைடு ஒன்றை இணைத்தது. பாக்டீரியாவின் புரதம் ஃபார்மைல்-மெத்தியோனினில் தொடங்கும், நம்முடையதில் பெரும்பாலானது அப்படி இல்லை. நியூட்ரோபில் அந்த வாசனையை எஃப்.பி.ஆர்.1 ஏற்பியால் மோப்பம் பிடித்து வரும். வான்கோமைசின் செல்சுவரில் ஒட்டிக்கொள்ள, அதன் வாலில் தொங்கும் பெப்டைடு கூப்பிடும். சிறு கால்வாய்கள் கொண்ட சில்லில் நியூட்ரோபில் நகர்வதை நேரடியாகப் படம் பிடித்தார்கள், வருவதும் விழுங்குவதும் கொல்வதும் கூடியது, எலியிலும் பலன் தெரிந்தது.

அகார்தட்டு:
நியூட்ரோபில்நேயர் அவர்களே, ஸ்டாஃப் இந்த ஏற்பியை அடைக்கும் புரதம் ஒன்றைச் சுரக்கிறது என்று படித்த நினைவு. அப்படியானால் இந்த இணைப்பு வேலை செய்யுமா?

நியூட்ரோபில்நேயர்:
சரியான இடத்தைத் தொட்டீர்கள். அதன் பெயர் சிப்ஸ். எஃப்.பி.ஆர்.1-ஐயும் சி5ஏ ஏற்பியையும் அடைக்கும். மனித ஏற்பியில் வலுவாக ஒட்டும், எலி ஏற்பியில் மிகக் குறைவு. அதனால் எலியில் கிடைத்த நல்ல முடிவில் இந்தத் தடை முழுதாக வெளிப்படாது. மனித நியூட்ரோபிலில், சிப்ஸ் சுரக்கும் ஸ்ட்ரெயினின் கல்ச்சர் நீரையோ தூய சிப்ஸையோ சேர்த்துச் சோதித்தே ஆக வேண்டும். எல்லா ஸ்ட்ரெயினிலும் சிப்ஸ் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எலியில் ஏமாறுவது இது ஒன்றோடு முடியவில்லை. பி.வி.எல். நச்சு மனித சி5ஏ ஏற்பியைப் பிடிக்கும், எலியுடையதைப் பிடிக்காது. லூகேபி மனித சி.டி.11பி-யைத் தேடும். நிரப்பியை நிறுத்தும் ஸ்கின் புரதமும் மனிதக் குடும்பத்தோடு நின்றுவிடும். ஃபார்மைல் பெப்டைடிலும் கணக்கு வேறு: மெத்தியோனின்-லியூசின்-ஃபினைலலனின் வரிசை மனிதனில் நானோமோலாரில் வேலை செய்யும், எலிக்கு மிக அதிகம் வேண்டும். ஸ்டாஃபின் பல ஆயுதங்கள் எலியில் மழுங்கிவிடும். வெள்ளணுவை நம்பும் மருந்துகளில் மனித ரத்தச் சோதனையை எலிக்கு முன்னால் வைக்க வேண்டும்.

மருந்துவேதி:
இந்த வரிசையில் இன்னொன்றையும் வைக்க வேண்டும், எதிர்ப்புரதத்தில் ஆன்டிபயாடிக்கைக் கட்டி அனுப்பும் முறை. 2015-இல் ஜெனன்டெக் குழு வெளியிட்டது. எதிர்ப்புரதம் ஸ்டாஃபின் சுவர் டைகோயிக் அமிலத்தில் உள்ள சர்க்கரையைப் பிடிக்கும். அதில் ரிஃபமைசின் வகை மருந்து, வேலின்-சிட்ருலின் இணைப்பான் வழியாகக் கட்டப்பட்டிருக்கும். கட்டியிருக்கும்வரை மருந்து செயலற்றது. மேக்ரோபேஜ் விழுங்கியதும் லைசோசோமின் கேத்தெப்சின் நொதி இணைப்பானை வெட்ட, மருந்து பாக்டீரியா இருக்கும் அந்த அறைக்குள்ளேயே விடுபடும். வான்கோமைசினால் எட்ட முடியாத இடத்தில் ஒளிந்திருந்த பாக்டீரியாதான் தொற்றைப் பரப்புகிறது என்பதையும் அதே ஆய்வு எலியில் காட்டியது. பிறகு மனிதர்களில் முதற்கட்டச் சோதனைக்கும் போனது.

இந்த முறையை ஆய்வகத்தில் மறுபடி செய்கிறவர்கள் தடுக்கி விழுவது இணைப்பானில். கன்றுச் சீரத்தில் 37 டிகிரியில் 24, 48, 72 மணி நேரம் வைத்து விடுபட்ட மருந்தை அளக்காமல் தொடங்கினால், வெளியே கசிந்த ரிஃபமைசின் தானாகச் செல்லுக்குள் போய்க் கொல்லும். வெட்ட முடியாத இணைப்பான் கொண்ட ஜோடி, இலக்கில்லாத எதிர்ப்புரதத்தில் கட்டிய ஜோடி, கட்டாமல் கலந்த எதிர்ப்புரதமும் மருந்தும், இந்த மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். ரிஃபமைசினுக்கு ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் ஒரே ஒரு மாற்றம் போதும் எதிர்ப்பு வர. தப்பிய காலனிகளை ரிஃபாம்பிசின் பிளேட்டில் மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஐ.எஸ்.பி.எச். என்ற பாக்டீரியா நொதியின் தடுப்பான்கள் பற்றியும் கேள்வி வரும் என்பதால் சுருக்கமாக: அந்த நொதியை அடைத்தால் பாக்டீரியாவின் ஐசோபிரினாய்டு உற்பத்தி நிற்கும், கூடவே அந்தப் பாதையின் இடைப்பொருளான எச்.எம்.பி.பி.பி. தேங்கும். தேங்கிய பொருள் மனிதனின் காமா-டெல்டா டி செல்களை எழுப்பும். ஒரே அடியில் இரண்டு வேலை. ஆனால் ஸ்டாஃபில் இந்தப் பாதையே கிடையாது, அது மெவலோனேட் பாதையில் போகிறது. கிராம்-எதிர் பாக்டீரியாவுக்கும் காசநோய்க் கிருமிக்கும்தான் பொருந்தும். எலியிலும் அந்த வகை டி செல் இல்லை, மனிதச் செல் ஏற்றிய எலி வேண்டும்.

காசவியல்:
காசநோய் என்றதும் ஒன்று சேர்க்கிறேன். மேக்ரோபேஜில் ஜெயித்தது நோயாளியில் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை நிறுவனம் ஒன்று நடத்திய சோதனை இருக்கிறது. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின், மேக்ரோபேஜின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் வினைப்பொருளைக் கூட்டிக் காசக் கிருமியைக் கட்டுப்படுத்துகிறது என்று 2014-இல் சிங்கப்பூர் ஆய்வு காட்டியது. சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதை மனிதர்களில் சோதித்தது. வழக்கமான நாலு மருந்தோடு தினம் 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின், முதல் 8 வாரம், 322 நோயாளிகள். 2022-இல் முடிவு வந்தது. சளிக் கல்ச்சர் எதிர்மறையாவது விரைவுபடவில்லை. ஆனால் வீக்கத்தைக் காட்டும் குறியீடுகள் குறைந்தன, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரைவாகத் தெளிந்தது.

இதைத் தோல்வி என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. காசநோய் குணமானவர்களில் பலர் மீதி வாழ்நாளை மூச்சிரைப்போடு கழிக்கிறார்கள். கிருமி போன பிறகும் சிதைந்த நுரையீரல் மிஞ்சுகிறது. வெள்ளணுவுக்கு உதவுவது என்றால் கொல்ல உதவுவது மட்டும் இல்லை, கொல்லும்போது தன் வீட்டை எரிக்காமல் இருக்க உதவுவதும்தான். வியட்நாமில் காசநோய் மூளையுறை அழற்சிக்கு டெக்ஸாமெத்தசோன் சேர்த்த 2004 சோதனையில் 545 பேர். இறப்பு 41.3 சதவீதத்திலிருந்து 31.8-ஆக இறங்கியது. அங்கே உயிரைக் காத்தது நோயெதிர்ப்பைத் தணித்தது. நேர்மாறாகத் தூண்டிப் பலன் கண்டதும் உண்டு: ஆக்சிடேஸ் பிறவியிலேயே பழுதானவர்களுக்கு இன்டர்ஃபெரான்-காமா கொடுத்த 1991 சோதனையில் கடும் தொற்று மருந்து பெற்ற 63 பேரில் 14 பேருக்கு, பெறாத 65 பேரில் 30 பேருக்கு. எந்த நோயில், எந்தக் கட்டத்தில் என்று சொல்லாமல் "தூண்டுவது நல்லது" என்று சொல்ல முடியாது.

காசக் கிருமியில் உங்கள் சோதனையைச் செய்வதானால்: ஒரு செல்லுக்கு 1 பாக்டீரியா போதும், மெழுகுக் கொத்தை 26 எண் ஊசியால் பிரிக்க வேண்டும், காலனி வர 3 முதல் 4 வாரம், நோய் உண்டாக்கும் எச்37ஆர்வி ஸ்ட்ரெயின் என்றால் மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம். வலுக்குறைந்த தடுப்பூசிக் கிருமியான பி.சி.ஜி.யில் தொடங்குவது நல்லது.

புள்ளிக்கணக்கு:
ஒரே பிளேட்டின் 3 கிணறு மூன்று முடிவு இல்லை, ஒன்று. வேறு நாள், வேறு கல்ச்சர், நியூட்ரோபில் என்றால் வேறு கொடையாளர், அதுதான் எண்ணிக்கை. லாக்கில் மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள், ஒரே நாளின் கட்டுப்பாட்டோடு ஜோடி சேர்த்து. 500 மைக்ரோலிட்டரில் 10 மைக்ரோலிட்டர் துளி வைத்தால் 1 காலனி என்பது கிணறுக்கு 50. அதற்குக் கீழே "பூஜ்யம்" என்று எழுதாதீர்கள், 50-க்குக் கீழ் என்று எழுதுங்கள்.

அகார்தட்டு:
அனைவருக்கும் நன்றி. முதல் சுற்றுக்கு ஒரு 24 கிணற்று அமைப்பு எழுதிப் பார்த்தேன், ஒவ்வொன்றும் மூன்று கிணறு: தொற்று மட்டும் டி.எம்.எஸ்.ஓ. (சேர்மத்தைக் கரைக்கும் திரவம்) 0.1 சதவீதத்தோடு; தொற்றும் சேர்மம் 2 மைக்ரோகிராம்; தொற்றும் சேர்மம் 8; தொற்றும் ரிஃபாம்பிசின்; சைட்டோகலாசினுக்குப் பின் தொற்று; தொற்றில்லாமல் சேர்மம் 8; தொற்றில்லாமல் டி.எம்.எஸ்.ஓ.; எல்.டி.எச்.-க்காக முழுதும் உடைத்த கிணறு. இதே மாதிரி இரண்டு பிளேட், ஒன்று பூஜ்ய நேரம், ஒன்று 24 மணி. சரியா?

பெட்ரிக்கிண்ணம்:
நன்றாக இருக்கிறது, மூன்று திருத்தம். சைட்டோகலாசின் பூஜ்ய நேர பிளேட்டில் மட்டும் இருக்கட்டும், 24 மணியில் அந்தச் செல்கள் உருத்தெரியாமல் போய்விடும். அந்த மூன்று கிணற்றில் 24 மணி பிளேட்டில் சேர்மத்தோடு பாலிமிக்சின் வையுங்கள். எல்.டி.எச். எடுக்கும்போது கன்றுச் சீரத்திலும், ஸ்டாஃபிலும் அந்த நொதி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மீடியா மட்டும், பாக்டீரியா மட்டும் என்று இரண்டு கழித்தல் கிணறு தனிப் பிளேட்டில் வேண்டும்.

மூன்றாவது, 24 மணி பிளேட்டின் அகார் தட்டுகளை மறுநாள் காலையிலேயே எண்ணித் தூக்கி எறியாதீர்கள். செல்லுக்குள் தங்கிய ஸ்டாஃபில் சின்னக் காலனி வகைகள் இருக்கும், ஊசிமுனை அளவு, நிறமில்லாமல், 48 முதல் 72 மணி நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். முதல் நாள் எண்ணையும் மூன்றாம் நாள் எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் நாள் ஒன்றரை லாக் குறைந்து, மூன்றாம் நாள் அரை லாக்தான் குறைந்திருந்தால், சேர்மம் கொன்றது குறைவு, தூங்க வைத்தது அதிகம்.